எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

தஞ்சாவூர் சாலையில் பால்பண்ணையைக் கடந்து அரியமங்கலமும் தாண்டினால் காட்டூர். அதையொட்டிய ஊர் பாப்பாக்குறிச்சி. திருச்சிக்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் 'காட்டூர் பாப்பாக்குறிச்சி' என்பார்கள். ஒரு பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை, இன்னொரு பக்கம் பெல் தொழிற்சாலையின் திருவெறும்பூர். நடுவே இருக்கும் இந்த ஊருக்கு 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்தார். சத்துணவுத் திட்டம் இங்கேதான் தொடங்கியது.

அதை வயிற்றுக்கான திட்டம் என்றே இத்தனை காலமும் பேசிவந்திருக்கிறோம். எத்தனை கிராம் அரிசி, வாரத்துக்கு எத்தனை முட்டை, கஜானாவுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் பேசியே நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. வறுமை ஒரு பிள்ளையின் மனதுக்குள் என்ன செய்கிறது, அதற்கு அரசு என்ன செய்திருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் பாப்பாக்குறிச்சியில் அன்று பரிமாறிய சோற்றின் இன்னொரு அருமை தெரியவரும்.

முதலில், அதைத் தொடங்கியவரின் கதை. இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்து, பால்குடி மறந்த வயதிலேயே தகப்பனை இழந்து, தாய் சத்தியபாமாவோடும் அண்ணன் சக்கரபாணியோடும் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தவர் எம்.ஜி.ஆர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. சாப்பாடு கிடைக்கும் என்பதற்காகவே நாடகக் கம்பெனிக்குப் போனார். சத்துணவுத் திட்டத்தை வீண்செலவு என்று பொருளாதாரம் படித்தவர்கள் பலர் எதிர்த்தபோது, தன் சிறுவயதுப் பட்டினிதான் இதற்குக் காரணம் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். அறுபதைத் தாண்டி, மாநிலத்தையே ஆளும் இடத்துக்கு வந்த பிறகும் அந்தப் பசி அவரை விட்டுப் போகவில்லை. சிறுவயது வறுமை உள்ளே எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

முதலில் கிராமங்களில் 2 முதல் 5 வயது வரையுள்ள பால்வாடிக் குழந்தைகளுக்கும், 5 முதல் 9 வயது வரையுள்ள தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு வந்தது. 1984இல் 15 வயது வரை நீண்டது. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தொடங்கியதும், 1956இல் காமராஜர் மாநிலமெங்கும் கொண்டுபோனதும் இதற்கு முன்னோடிகள். 2001 நவம்பர் 28 அன்று நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அதைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்துகாட்டியிருந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தச் சோற்றுக்கு யாரும் வருமானச் சான்று கேட்கவில்லை என்பது. ரேஷன் கார்டைக் கொண்டுவா என்று சொல்லவில்லை. வந்து வரிசையில் உட்கார்ந்தால் தட்டில் சோறு விழும். 'நீ ஏழையா' என்ற கேள்வியைக் கேட்காமலேயே ஓர் அரசாங்கம் ஏழைப் பிள்ளைக்கு உதவ முடியும் என்று அந்த ஊரில் நிரூபணமானது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு திட்டத்தையும் நான் இந்த ஒரே உரைகல்லில்தான் உரசிப் பார்க்கிறேன். உதவி பெறுவதற்காகப் பிள்ளை எழுந்து நின்று தன் இல்லாமையைச் சொல்ல வேண்டியிருக்கிறதா, இல்லையா?

கலர் டிரஸ் நாள்

எழுந்து நிற்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் படித்தது திருச்சியில், ஒரு நடுத்தரமான பள்ளியில். மாதத்தின் இரண்டாவது வாரத்தில் ஒரு பட்டியல் வரும். "பணம் கட்டாதவங்கல்லாம் எழுந்து நில்லுங்க." என் பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் பெயரைக் கூப்பிடும் முன்பே எழுந்துவிடுவான். கூப்பிட்டு எழுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா? "எப்பக் கட்டுவே?" "அப்பா வந்ததும் டீச்சர்." அப்பா எங்கே போயிருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவன் டெஸ்கின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நிற்பான். அந்த மரத்தில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பயப்பட வேண்டிய நாள்கள் தனியாக உண்டு. தேர்வு நாள் அவற்றில் சேராது. குழந்தைகள் தினத்தன்று கலர் டிரஸ்ஸில் வரலாம் என்பார்கள். அன்று ஒருவன் மட்டும் யூனிஃபார்மில் வந்து, "மறந்துட்டேன்" என்பான். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதும் சாக்லேட் கொடுப்பது வழக்கமென்றால், தன் பிறந்தநாளை மறைத்துவைப்பவர்கள் இருப்பார்கள். சுற்றுலா போகும் நாளில் சிலருக்குச் சரியாகக் காய்ச்சல் வரும். குரூப் போட்டோவுக்கு நிற்பார்கள்; போட்டோவை வாங்க மாட்டார்கள். சார்ட் பேப்பர், பிராஜெக்ட், ஆண்டுவிழா நடனத்துக்கு வாடகை உடை என்று ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் பிள்ளைகள் சொல்லும் பொய்களைப் பெரியவர்கள் சோம்பல் என்றும் திமிர் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொய்யைத் தயார் செய்வதற்கே முந்தைய இரவு முழுவதும் போயிருக்கும்.

என் பெஞ்சுக்காரன் எட்டாம் வகுப்போடு நின்றான். செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் பட்டறைக்குப் போனான். திருச்சியையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த ஏராளமான குடும்பங்களுக்கு அந்தத் தொழில்தான் ஒருகாலத்தில் அடுப்பெரித்தது. ஏராளமான பிள்ளைகளின் படிப்பையும் அதுவே தின்றது. குனிந்த தலை நிமிராமல், சுழலும் தட்டில் கல்லை அழுத்திப் பிடித்து, கண் வலிக்க வலிக்கத் தீட்டினார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் திருச்சியிலும் நடந்தன. சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று 2016இல் சட்டம் இறுகியது. பல பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. அவனைப் பள்ளியிலிருந்து விரட்டியது வறுமை மட்டும் என்று நான் நம்பவில்லை. மாதம் ஒருமுறை எழுந்து நின்றதும் சேர்ந்துதான் விரட்டியது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு நம் மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லை. நகை அடகில் இருக்கும். அறுவடை முடிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். அதே மனிதர், அதே மாதிரியான அறிவுத் தேர்வு. காசில்லாத மாதங்களில் மதிப்பெண் குறைந்தது, பணம் வந்த பிறகு ஏறியது. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த ஆய்வை நடத்தியவர்களில் செந்தில் முல்லைநாதனும் ஒருவர். இல்லாமையின் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. வளர்ந்த, உழைத்து உரமேறிய விவசாயிக்கே இந்தக் கதி என்றால், இன்று ராத்திரி வீட்டில் சண்டை வருமா, வீட்டுக்காரர் வாடகை கேட்டு வாசலில் நிற்பாரா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பிள்ளை வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போடுவதற்கு யாரைக் குறைசொல்வது?

பணக்கார நாடுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் மதிய உணவுக் கடன் பாக்கி வைத்த பிள்ளையின் கையில் முத்திரை குத்துவது, மற்றவர்கள் சூடான உணவு சாப்பிடும்போது ஆறிய ரொட்டியைக் கொடுத்து ஒதுக்குவது என்றெல்லாம் நடந்தது. இப்படி அவமானப்படுத்தக் கூடாது என்று நியூ மெக்சிகோ மாநிலம் சட்டம் போட்டது 2017இல். அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே பாப்பாக்குறிச்சியில் பாக்கி என்ற பேச்சே எழாத ஒரு பந்தி போட்டாகிவிட்டது.

தட்டின் சத்தம்

ஆனாலும் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். சத்துணவும் ஒரு முத்திரையைக் குத்தத்தான் செய்தது. பையில் தட்டு கொண்டுவருகிறவர்கள், டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறவர்கள் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பையைக் கீழே வைக்கும்போது தட்டு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குக் கூசி, தட்டை நோட்டுகளுக்கு நடுவே செருகிவைத்த பிள்ளைகள் உண்டு. 'சோத்துக்கு வர்றவன்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று ஐம்பது வயதில் இருக்கிறார்கள். பலர் அதை இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தது முட்டை என்பது என் கணிப்பு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, 1998இல் வாரம் ஒன்றாகி, 2010இல் பள்ளி நாள்கள் ஐந்திலும் முட்டை என்று ஆனது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவந்தவனும் முட்டைக்காக வரிசையில் வந்து நின்றான். வசதியுள்ளவனும் வந்து நிற்கும் வரிசையில் யாருக்கும் அவமானம் இல்லை. கொடுக்கிற பொருள் தரமாக இருந்தால் அதை வாங்குகிறவனின் மதிப்பும் ஏறும். ஏழைகளுக்குத்தானே என்று மட்டமான அரிசியையும் புழுத்த பருப்பையும் அனுப்பும் இடங்களில் கெட்டுப்போவது வயிறு மட்டுமில்லை.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. 1,545 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஊர்ப்புறங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே பொங்கலும் கிச்சடியும் உப்புமாவும் கிண்டுகிறார்கள். பொழுது விடிவதற்குள் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போகிற அப்பாவும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கிளம்பிவிடுகிற அம்மாவும் உள்ள வீட்டில் காலைச் சாப்பாடு என்பது முந்தின நாள் மிச்சம்தான். அதுவும் இல்லாத நாளில் 'சாப்பிட்டியா' என்று கேட்டால் பிள்ளைகள் 'ம்' என்று மட்டும் சொல்லும். அந்த 'ம்' இனித் தேவையில்லை.

ஒரு குறை நீண்ட நாள் இருந்தது. திருச்சி, மிஷன் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் நிறைந்த ஊர். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். மாநகராட்சிப் பள்ளிக்குப் போகிறவளுக்குக் காலை உணவு உண்டு, உதவி பெறும் பள்ளிக்குப் போகிறவளுக்குக் கிடையாது. பசியில் இருவருக்கும் வித்தியாசமில்லை. ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகரத்துப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 அன்றும் திட்டம் போய்ச் சேர்ந்தது. இப்போது மாநிலமெங்கும் ஏறத்தாழ 20 லட்சம் பிள்ளைகள் பள்ளியில் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள்.

பந்தி சமூகத்தையும் சோதித்துப் பார்க்கிறது. 1995 வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்த கரூரில், 2023 செப்டம்பரில், ஒரு பட்டியல் சாதிப் பெண் சமைத்ததால் தங்கள் பிள்ளைகளைச் சில பெற்றோர் காலை உணவு சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் அந்தப் பள்ளிக்கே போய், அந்தப் பெண் சமைத்ததைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வன்கொடுமைச் சட்டம் பாயும் என்றும் சொன்னார். சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனியாகச் சாப்பிட வைத்ததற்காகத் தமிழ்நாடே கொந்தளித்து ஒரு நூற்றாண்டு ஆகிறது. தன் அம்மா சமைத்ததைக் கூடப் படிக்கும் பிள்ளைகள் தொட மறுப்பதை ஒரு குழந்தை பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்தால், அந்தக் காயத்துக்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க முடியும்? ஆட்சியர் தரையில் உட்கார்ந்ததுதான் அங்கே மருந்து.

தாயும் ஆனவர்

மலைக்கோட்டையில் பாதி உயரம் ஏறினால் தாயுமானசுவாமி சந்நிதி. கதை திருச்சியில் எல்லோருக்கும் தெரியும். இரத்தினாவதிக்குப் பேறுகாலம். உதவிக்கு வர வேண்டிய தாய் காவிரிக்கு அக்கரையில், ஆற்றில் வெள்ளம். பெண் வலியில் துடிக்கிறாள். சிவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடியும் வரை கூட இருந்தார். உண்மையான அம்மா வந்து வாசலில் நின்றபோதுதான் வந்தவர் யாரென்று தெரிந்தது.

2024 பிப்ரவரி பட்ஜெட்டில், மிக ஏழ்மையிலுள்ள 5 லட்சம் குடும்பங்களைக் கைதூக்கிவிட ஒரு திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது அதற்கு 'முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம்' என்று பெயர் வைத்தது. ஆதரவற்றோர், ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகள் இவர்களுக்குத்தான் முதலிடம். நிதி ஆயோக் கணக்கில் தமிழ்நாட்டின் பல்பரிமாண வறுமை 2.2 சதவீதம்தான், நாட்டிலேயே மிகக் குறைவானவற்றில் ஒன்று. சதவீதத்தில் சிறிதாகத் தெரியும் அது, ஆட்களாக எண்ணினால் 15 லட்சத்தைத் தாண்டும். எந்தத் திட்டமும் எட்டாமல் விடுபட்டுப் போனவர்கள் அவர்கள்.

2025 செப்டம்பர் 15 அன்று 'அன்புக் கரங்கள்' வந்தது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலுள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். முதல் கட்டத்தில் 6,082 பேர். ஒன்றிய அரசின் 'மிஷன் வத்சல்யா' வழியாகத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை. இவை வேண்டும், இன்னும் பெருக வேண்டும். ஆனால் இங்கேதான் அந்த உரைகல்லை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. இவற்றைப் பெற இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, பாதுகாவலர் யாரென்ற விவரம் எல்லாம் வேண்டும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று, 'அப்பா இறந்தது எந்தத் தேதி' என்ற கேள்விக்குப் பத்து வயதுப் பேத்தி பதில் சொல்கிறாள். மறுபடி வாருங்கள் என்றால் மறுபடியும் அதே பதில். தாயுமானவர் வாசல் தேடி வந்தார். அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்ட அரசு, கிராம நிர்வாக அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளித் தலைமையாசிரியர் மூவரையும் வைத்துக்கொண்டு அந்தக் காகிதங்களைத் தானே சேகரிக்க முடியும். பிறப்பும் இறப்பும் அரசின் பதிவேட்டில்தானே இருக்கின்றன?

காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் போனால் இதற்கு நேர்மாறான காட்சி. ரங்கநாதர் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. 2012 செப்டம்பரில் ஜெயலலிதா, தன் தொகுதியாக இருந்த ஸ்ரீரங்கத்திலும் பழநியிலும் தொடங்கிவைத்தது. வெளியூர்ப் பக்தரும் உள்ளூர் ஏழையும் அடுத்தடுத்த இலையில் உட்காருகிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. அங்கிருந்து அம்மா மண்டபம் படித்துறை கூப்பிடு தூரம்தான். அமாவாசைக் காலைகளில் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்துக்கு நடுவே, பள்ளி மணி அடிக்கும் நேரத்தில், பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரைக் கட்டை நீட்டும் சின்னக் கைகளைப் பார்த்திருக்கிறேன். வெறும் கையை நீட்டும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். சோறு அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போலீஸ் வருகிறது என்றால் எந்தச் சந்தில் ஓடுவது என்பதை ஏழு வயதில் தெரிந்துவைத்திருக்கும் அந்தப் பயத்தை இலைச்சோறு ஆற்றாது.

போலீஸ் என்றதும் திருச்சி ஒருமுறை செய்துகாட்டிய வேறொன்று நினைவுக்கு வருகிறது. 1999 முதல் 2001 வரை மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஜே.கே.திரிபாதி, ரோந்துக் காவலர்களை ஒரே பகுதியில் நிலையாக அமர்த்தி மக்களோடு பழகவைத்தார்; குடிசைப் பகுதிகளைக் காவல் துறையே தத்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 'அந்த ஏரியாப் பையன்' என்றாலே சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு, காக்கிச் சட்டை போட்டவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். உலக அளவில் விருது பெற்றது அந்த முயற்சி. அதே காலத்தில் கல்மந்தையில், கிராமாலயா அமைப்போடு சேர்ந்து பெண்களே கழிப்பறைகளைப் பராமரித்து, 2002இல் அதைத் திறந்தவெளியில் யாரும் ஒதுங்காத குடிசைப் பகுதியாக மாற்றினார்கள். இருட்டும் வரை அடக்கிக்கொண்டு காத்திருந்த வளர்ந்த பெண்பிள்ளைகளின் மனதிலிருந்து அன்று என்ன பாரம் இறங்கியிருக்கும்!

பெயர்களும் காயப்படுத்தும் என்பதை அரசு அண்மையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. சாதிப் பிரிவின் பெயரைத் தாங்கி நின்ற மாணவர் விடுதிகள் 'சமூகநீதி விடுதிகள்' ஆகும் என்று அதே ஆண்டு ஜூலையில் சொன்னது. பலகையை மாற்றினால் போதாது, விடுதியின் கழிப்பறையையும் மாற்றுங்கள் என்பவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் வேண்டும்.

ஒன்றை மட்டும் மழுப்பாமல் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குக் காலையில் பொங்கல் போடும் அதே அரசுதான் அவன் அப்பாவுக்குப் பகலில் மது விற்கிறது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். அது போதவே போதாது. ராத்திரி தட்டு பறக்கும் வீட்டில் மூலையில் ஒடுங்கி, தம்பியின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையின் மனதுக்கு எந்த நலத்திட்டத்தாலும் ஈடுகட்ட முடியாது. குழந்தை நலனுக்கென்று தனிக் கொள்கை எழுதும் அரசு, அந்தக் கொள்கையின் முதல் பக்கத்தில் டாஸ்மாக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

கேட்பதற்கு ஓர் ஆள்

சோறு, துணி, சைக்கிள், புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் வந்துவிட்டன. இவற்றைச் சாதாரணமாக எடைபோடுகிறவர்கள் மற்ற மாநிலங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். இன்னும் வராதது, பிள்ளை சொல்வதைக் கேட்க ஓர் ஆள்.

ஆளைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியில் கூடுதலாக ஒரே ஒரு அரைநாள் பணியாளரை, பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்ணையே, நியமித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளோடு பாட்டும் கதையுமாகச் செலவிடும் நேரம் இரண்டு மடங்கானது. கற்றல் உயர்ந்தது, அதோடு ஊட்டக்குறைவும் குறைந்தது. கொரோனாவுக்குப் பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் சாயங்காலம் தெருத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளி மூடியதால் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறே மாதத்தில் மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் திண்ணை வகுப்புகளால் வந்தது என்று ஆய்வு சொன்னது. பாடம் சொல்லிக்கொடுத்த 'அக்கா', ஏன் நேற்று வரவில்லை என்றும் கேட்டாள். அந்தக் கேள்வியின் பலனை எந்த ஆய்வும் அளக்கவில்லை.

100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் எல்லாக் கல்வி நிலையங்களிலும் தகுதி பெற்ற ஒரு மனநல ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள ஆலோசகர்களோடு தொடர்பில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் மிகப் பல 100 பேருக்கும் குறைவானவை. ஏழைப் பிள்ளைகள் அதிகம் இருப்பது அவற்றில்தான். எனவே நீதிமன்றம் சொன்ன எல்லையோடு நிற்காமல், ஐந்தாறு பள்ளிகளுக்கு ஒருவர் என்றாவது நிரந்தரமாக நியமிக்க வேண்டும். அவர் வாரத்தில் ஒரு நாள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கட்டும். எல்லாப் பிள்ளைகளும் அவரிடம் போகட்டும். 'பிரச்சினை உள்ளவன்' மட்டும் போவது என்று வைத்தால் அதுவும் இன்னொரு தட்டுச் சத்தமாகிவிடும். விளையாடவும் வரையவும் எல்லோரும் போய்வரும் இடத்தில், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவள் சொல்லிக்கொள்வாள். திருச்சியில் சமூகப் பணி படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்கும் குறைவில்லை.

அதுவரை, வீட்டிலோ தெருவிலோ ஒரு பிள்ளை துன்பப்படுவது தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்கும், மனம் தாங்காத நேரத்தில் பேச 14416 என்ற எண்ணுக்கும் யாரும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது. இரண்டு எண்களையும் வகுப்பறைச் சுவரில், பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதிவைக்க ஒரு சாக்பீஸ் போதும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் கட்டாதவர்களின் பட்டியல் உங்கள் மேசையில் இருக்கட்டும். அதை வகுப்பில் வாசிக்காதீர்கள். பிள்ளையின் கையில் மடித்துக் கொடுக்காமல் பெற்றோரைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். கலர் டிரஸ் நாளை நிறுத்திவிடுங்கள். உதவித்தொகைப் படிவத்தை நிரப்ப மற்றவர்கள் முன்னால் கை தூக்கச் சொல்லாதீர்கள்.

அரசுக்கும் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகர்களை நியமிக்கும் திட்டம் என்றைக்கு வந்தாலும், அதன் முதல் ஆலோசகரைக் காட்டூர் பாப்பாக்குறிச்சிக்கு அனுப்புங்கள்.